புறவழியும் புறஞ்சேரியும்: கம்பம் பள்ளத்தாக்கில் சாலை வந்த கதை

 

இரட்டைமலை சீனிவாசன் அவர்களின் நினைவாகப் பேச அழைத்தபோது, இலக்கிய மன்றத்தில் சாலையைப் பற்றிப் பேசலாமா என்று தயங்கித்தான் கேட்டேன். தாராளமாகப் பேசுங்கள் என்றார்கள். யோசித்துப் பார்த்தால் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான பொருள் இல்லை. 1924இல் சென்னை மாகாணச் சட்டசபையில் அவர் கொண்டுவந்து நிறைவேற்றிய தீர்மானமே சாலையைப் பற்றியதுதான். பொதுச்சாலை, தெரு, பொதுக்கிணறு, பொது அலுவலகம் இவற்றை எந்தச் சாதியாரும் பயன்படுத்தலாம், தடுக்க எவருக்கும் உரிமை இல்லை என்றது அந்தத் தீர்மானம். அதே 1924இல்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் தொடங்கியது. எங்கள் தேனி வழியாகப் போகும் 183ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை குமுளி மலை ஏறி, கோட்டயம் போய், கொல்லத்தில் முடிகிறது. வைக்கம் அந்தக் கோட்டயம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. நூறு வருடங்களுக்கு முன்னால் நம் பாட்டன்மார் நடக்க முடியாத தெருவுக்குப் போகிற சாலையில் இன்று ஜீப் ஏறிப் போகிறோம்.

அன்றைய கேள்வி, சாலையில் நடக்கலாமா என்பது. சட்டப்படி அது முடிந்துபோன கேள்வி. நடைமுறையில் முடிந்ததா என்பதற்குப் பிறகு வருகிறேன். இன்றைய கேள்வி வேறு. ஒரு பெரிய சாலை வரும்போது, அதனால் ஊர் வளர்கிறது என்கிறார்களே, அந்த வளர்ச்சி சாலையோரம் எந்த இடத்தில் விழுகிறது? யார் மடியில் விழுகிறது?

எனக்குத் தெரிந்த சாலையை வைத்தே சொல்கிறேன். திண்டுக்கல்லில் இருந்து குமுளி வரை சுமார் 133 கிலோமீட்டர். வத்தலக்குண்டு, தேவதானப்பட்டி, பெரியகுளம், தேனி, வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஒவ்வொரு ஊரும் இந்தச் சாலையில் கோத்த மணி மாதிரி. கோத்த மணி என்பது வெறும் உவமை இல்லை. இந்த ஊர்களில் சாலைதான் கடைவீதி. பஸ் ஸ்டாண்டு, வங்கி, ஜவுளிக்கடை, உரக்கடை, கல்யாண மண்டபம், சந்தை எல்லாம் அதே சாலையின் இரண்டு ஓரங்களிலும் இருக்கும். கார்த்திகை பிறந்துவிட்டால் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் ஆந்திராவில் இருந்தும் கர்நாடகத்தில் இருந்தும் வந்து இதே கடைவீதிக்குள் நுழையும். கூட்டம் தாங்காமல் போகிற வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகவும், வருகிற வண்டிகளைக் குமுளி வழியாகவும் ஒருவழியாக்கிவிடுவார்கள். சித்திரையில் வீரபாண்டித் திருவிழா வந்தால் கேட்கவே வேண்டாம். தேனியில் மதுரைச் சாலை, பெரியகுளம் சாலை, கம்பம் சாலை மூன்றும் நேரு சிலையில் வந்து முட்டிக்கொள்கின்றன. அந்தச் சிலையைச் சுற்றி நின்ற நேரத்தையெல்லாம் கூட்டினால் என் ஆயுளில் சில மாதங்கள் வரும்.

அதனால் புறவழிச்சாலைகள் வேண்டும் என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். வேலை நின்று நின்று, வருடக்கணக்கில் இழுத்து, கடைசியில் ஊர்களை ஒதுக்கிவிட்டு வயல்கள் வழியாகப் போகும் பைபாஸ்கள் வந்துசேர்ந்தன. முதல் தடவை அதில் போனபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க மாட்டேன். சின்னமனூர் எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியவில்லை. இரண்டு பக்கமும் நெல், தென்னை, வாழை, தூரத்தில் மலை. அப்புறம்தான் கவனித்தேன், வலதுபக்கம் தெரிவது எங்கள் காலனியின் பின்புறம். அதுவரை அதை அந்தக் கோணத்தில் நான் பார்த்ததே இல்லை.

பைபாஸ் எப்படித் தடம் பிடிக்கிறது என்று கொஞ்சம் விளக்க வேண்டும். திட்டம் போடுகிற பொறியாளருக்கு யார் மீதும் பகை கிடையாது. அவர் கணக்குப் போடுகிறார். ஊருக்குள் அகலப்படுத்தினால் கட்டடங்களை இடிக்க வேண்டும், இழப்பீடு அதிகம், வழக்கு அதிகம். ஊருக்கு வெளியே போனால் நிலம் மலிவு, கட்டடம் குறைவு, எதிர்ப்பும் குறைவு. ஆகவே ஊரின் விளிம்பை ஒட்டி, ரொம்ப தூரம் சுற்றாமல் ஒரு கோடு இழுக்கிறார். அந்த விளிம்பில் யார் இருக்கிறார்கள் என்பதை அவர் தீர்மானிக்கவில்லை. அது பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தீர்மானிக்கப்பட்டுவிட்டது. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம். இடையில் வயலோ வாய்க்காலோ மந்தையோ. புறஞ்சேரி என்ற சொல் சிலப்பதிகாரத்தில் ஒரு காதையின் தலைப்பிலேயே இருக்கிறது. அங்கே அதன் பொருள் வேறு என்று தமிழாசிரியர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். புறத்தே வைக்கப்பட்டவர்களின் வழியாகத்தான் புறவழி போகும் என்பது சாதியின் புவியியலும் பொறியியலின் சிக்கனமும் சந்திக்கும் இடம்.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததில்லை. இந்தியாவில் தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் நிறைவேறிய அதே 1956இல் அமெரிக்காவில் மாகாணங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளுக்கான பெரும் சட்டம் வந்தது. மின்னசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் ரோண்டோ என்ற கறுப்பின மக்களின் குடியிருப்பு இருந்தது. சொந்த வீடுகள், கடைகள், தேவாலயங்கள், பத்திரிகை எல்லாம் உள்ள பகுதி. நெடுஞ்சாலை அதன் நடுவில் பிளந்துகொண்டு போனது. மயாமியில் ஓவர்டவுன், நியூ ஆர்லியன்ஸில் கிளேபோர்ன் அவென்யூ என்று பட்டியல் நீளும். எல்லா இடத்திலும் சொன்ன காரணம் ஒன்றுதான்: அங்கே நிலம் மலிவு. ரோண்டோவுக்கு நடந்ததற்காக 2015இல் அந்த நகர மேயரும் மாநிலப் போக்குவரத்து ஆணையரும் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள். அங்கே வீடுகளை இடித்தார்கள். எங்கள் பக்கம் பெரும்பாலும் வீட்டை இடிக்கவில்லை. வீட்டுக்கும் வயலுக்கும் நடுவில், வீட்டுக்கும் சுடுகாட்டுக்கும் நடுவில் சாலை வந்து படுத்துக்கொண்டது.

இனி நிலம். தேசிய நெடுஞ்சாலைக்காக நிலம் எடுப்பது 1956ஆம் வருடச் சட்டத்தின் 3ஏ பிரிவில் தொடங்குகிறது. எந்தெந்த சர்வே எண் வேண்டும் என்று அரசிதழில் அறிவிப்பார்கள். அதன் சாரத்தை இரண்டு செய்தித்தாள்களில், ஒன்று வட்டார மொழியில், வெளியிட வேண்டும். அறிவிக்கை அரசிதழில் வந்த நாளில் இருந்து 21 நாட்களுக்குள் ஆட்சேபணை சொல்லலாம். பிறகு 3டி அறிவிப்பு வந்தால் நிலம் அரசுக்குச் சொந்தம். தொகை போதாது என்றால் நடுவரிடம் போகலாம். 2015ஆம் வருடத்தில் இருந்து, 2013ஆம் வருட நிலமெடுப்புச் சட்டத்தின் இழப்பீட்டுக் கணக்கு நெடுஞ்சாலைக்கும் பொருந்தும். சந்தை மதிப்பு, கிராமப்புறம் என்றால் அதன்மேல் ஒரு பெருக்கல், அதற்குச் சமமாக இன்னொரு மடங்கு ஆறுதல் தொகை. பட்டாக்காரருக்கு இது நல்ல சட்டம்தான். குறை சொல்ல மாட்டேன்.

பட்டா யாரிடம் இருக்கிறது? தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் ஐந்தில் ஒரு பங்கு, தேனி மாவட்டத்திலும் ஏறக்குறைய அதேதான். ஆனால் வேளாண் கணக்கெடுப்புகளின்படி, சாகுபடி நிலத்தில் நம் பங்கு பத்தில் ஒன்றைக்கூட எட்டவில்லை. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையால் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் எங்கே போயின என்று இந்த அவையில் நான் சொல்ல வேண்டியதில்லை. நம்மிடம் இருப்பது பெரும்பாலும் ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த மூன்று சென்ட் வீட்டுமனை, அதுவும் நிபந்தனைப் பட்டா. நத்தத்திலும் புறம்போக்கிலும் தலைமுறையாகக் குடியிருந்து காகிதமே இல்லாதவர்களும் உண்டு.

2013ஆம் வருடச் சட்டம் ஒரு பெருந்தன்மை காட்டியது. நிலத்தின் சொந்தக்காரர் மட்டும் பாதிக்கப்பட்டவர் இல்லை, அந்த நிலத்தில் மூன்று வருடம் வேலை பார்த்துப் பிழைத்த விவசாயக் கூலியும் குத்தகைதாரரும் பாதிக்கப்பட்ட குடும்பமே என்றது. படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஆனால் அந்த வயலில் நாற்று நட்டேன், களை எடுத்தேன் என்பதற்கு எங்கள் அம்மாவிடம் என்ன அத்தாட்சி இருக்கிறது? நூறு நாள் வேலைக்கு அட்டை உண்டு, நடவுக்கு அட்டை கிடையாது. வயல்காரர் எழுதிக் கொடுத்தால் உண்டு. அவர் ஏன் எழுதிக் கொடுக்கப் போகிறார்?

இன்னொரு கூட்டத்தைச் சட்டம் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. பழைய சாலையில் பிழைத்தவர்கள். என் சின்னம்மா இருபது வருடங்களுக்கு மேல் பஸ் ஸ்டாண்டு வாசலில் கூடையில் கொய்யாவும் வேகவைத்த கடலையும் விற்றவர். சீசனில் பன்னீர் திராட்சை. கம்பத்துப் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அதைத் தலையில் சுமந்து பஸ் ஜன்னலில் நீட்டியவர்களுக்கு ஒரு குறியீடும் இல்லை. தொலைதூர வண்டிகள் பைபாஸில் திரும்பியபோது சின்னம்மாவின் ஒரு சென்ட் நிலமும் போகவில்லை, ஏனென்றால் இல்லை. போனது வாடிக்கை. நிலத்தை எடுத்தால் இழப்பீடு உண்டு. வாடிக்கையாளரை எடுத்தால் அது எந்தப் பிரிவிலும் வராது.

அப்படியென்றால் பைபாஸ் ஓரத்தில் போய்க் கடை போடலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் விஷயமே இருக்கிறது. பழைய சாலை நகராட்சிக்குள் இருந்தது. கடை போட்டு, விரட்டி, மறுபடி போட்டு, காலப்போக்கில் ஒரு மூலை நம்முடையது என்று ஆகிவிடும். 2014ஆம் வருடத் தெருவோர வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும், சான்றிதழ் தருவதில் பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் முன்னுரிமை வேண்டும் என்கிறது. அது நகர்ப்புற எல்லைக்குள் பேசும் சட்டம். பைபாஸோ பெரும்பாலும் ஊராட்சி எல்லையில் கிடக்கிறது. போதாததற்கு 2002ஆம் வருட நெடுஞ்சாலை நிலக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் நெடுஞ்சாலை நிலத்தில் ஒரு தள்ளுவண்டி நின்றால்கூட ஆக்கிரமிப்பு. முதல் நாளில் இருந்தே கதவடைத்த சாலை அது. சாலைக்கு அடுத்த பட்டா நிலம் வைத்திருப்பவர்தான் கடை வைக்கலாம். அவர் கடை வைப்பதில்லை. பெட்ரோல் பங்குக்கோ, கார் நிறுத்த இடமுள்ள பெரிய ஓட்டலுக்கோ வாடகைக்கு விடுகிறார், இல்லையென்றால் பிளாட் போடுகிறார். அந்த ஓட்டலில் இலை எடுக்கவும் மேசை துடைக்கவும் நம் பிள்ளைகளைக் கூப்பிடுகிறார்கள். வேலைதான், வேண்டாம் என்று சொல்லவில்லை.

இதைப் பார்க்கும்போது எனக்கு 1895 ஞாபகம் வருகிறது. முல்லைப் பெரியாறு அணை முடிந்த வருடம். அணை கட்ட வேண்டிய சாமான்கள் அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்தில் இறங்கி, மாட்டுவண்டியில் கூடலூர் வரை இந்தப் பள்ளத்தாக்கின் சாலையில்தான் போயின. காட்டிலும் காய்ச்சலிலும் செத்த கூலிகளின் பெயர்கள் நம்மிடம் இல்லை. பென்னிகுயிக் பெயரில் லோயர் கேம்பில் மண்டபம் இருக்கிறது, தேனி புதிய பஸ் ஸ்டாண்டே அவர் பெயரில்தான் இருக்கிறது. அந்த மனிதர் மீது எனக்கும் மரியாதை உண்டு. எங்கள் வீட்டிலும் அவர் படம் உண்டு. ஆனால் தண்ணீர் வந்தபோது நடந்தது என்ன? லோயர் கேம்பில் இருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நிலமானது. வாய்க்காலை ஒட்டி யார் கையில் நிலம் இருந்ததோ அவர்கள் கையில் தண்ணீரின் மதிப்பு போய்ச் சேர்ந்தது. நமக்குக் கிடைத்தது வருடத்துக்கு இரண்டு நடவு, இரண்டு அறுப்பு. பட்டினி குறைந்தது உண்மை. நிலம் வரவில்லை. நூற்றிருபது வருடங்கள் கழித்துச் சாலை வந்தபோதும் அதே கணக்குதான்: ஓரத்து நிலம் யாருடையதோ ஆதாயம் அவருடையது. இந்தத் தடவை இருபோக வயலையே தின்றுகொண்டு வந்ததால், இரண்டு நடவில் ஒரு பகுதியும் போயிற்று.

சாலையின் ஆதாயம் சாலையில் இல்லை, சாலையில் இறங்கும் இடத்தில் இருக்கிறது. இதைத்தான் நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தேன். எங்கள் பக்கம் ஒரு சொல் இருக்கிறது: விலக்கு. பெரிய சாலையில் இருந்து கிராமத்துக்குப் பிரியும் இடம். அன்னஞ்சி விலக்கு, உப்புக்கோட்டை விலக்கு என்று பஸ்ஸில் டிக்கெட் கேட்போம். ஒதுக்கி வைப்பதற்கும் தமிழில் அதே சொல்தான் என்பது சின்ன வயதில் தோன்றியதே இல்லை.

ஆண்டிபட்டிக்கும் தேனிக்கும் நடுவில் க.விலக்கு என்ற இடம். முன்பு அங்கே பெரிதாக ஒன்றும் கிடையாது. 2000களின் நடுவில் தேனி அரசு மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் அங்கே வந்தன. இன்று போய்ப் பாருங்கள். இட்லிக்கடை, மருந்துக்கடை, வெந்நீர் விற்கிறவர், பாயும் போர்வையும் விற்கிறவர், ஆட்டோ ஸ்டாண்டு. ஒரு விலக்கு ஊராகிவிட்டது. காரணம், அங்கே எல்லாப் பஸ்ஸும் நிற்கும். தினமும் ஆயிரக்கணக்கான ஏழைகள் கால் தரையில் படும்படி இறங்குகிறார்கள். இறங்கியவருக்கு டீ வேண்டும், வழி கேட்க ஆள் வேண்டும். மனிதர் இறங்கும் இடத்தில் கூடைக்காரிக்கும் பிழைப்பு உண்டு. வண்டி மட்டும் போகிற இடத்தில் பெட்ரோலுக்குத்தான் பிழைப்பு. இரண்டுமே வளர்ச்சிதான், ஒன்று மக்களை நிறுத்துகிறது, இன்னொன்று வண்டியைக் கடத்திவிடுகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒருநாள் இரவு வெளியூரில் இருந்து வந்துகொண்டிருந்தேன். மணி இரண்டு இருக்கும். "ஊருக்குள்ள போகாதுங்க, பைபாஸ்லயே எறங்கிக்கிருங்க" என்றார் நடத்துநர். என்னோடு ஒரு அக்கா, கையில் பெண் குழந்தை, இரண்டு பை. தெருவிளக்கு கிடையாது, நிழற்குடை கிடையாது. ஊருக்கு ஒன்றரைக் கிலோமீட்டர். போகும் வழி எந்தத் தெருவழியாகப் போகிறது என்று அந்த அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நடுராத்திரி அந்தத் தெருவழியாகக் காலனிக்கு நடந்து போவதை இருவருமே விரும்பவில்லை. விடியும்வரை பெட்ரோல் பங்கின் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தோம். பஸ் ஸ்டாண்டில் இறங்கியிருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது.

சாலையில் நடக்கும் உரிமை நடைமுறையில் முடிந்ததா என்று முதலில் கேட்டேன் அல்லவா, அது இதுதான். எங்களுக்குப் பக்கத்தில், மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில், தலித் மக்கள் பிரதான சாலைக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நேராக வர முடியாதபடி ஒரு சுவர் நின்றது. 2008 மே 6ஆம் தேதிதான் அதில் ஒரு பகுதியை இடித்து வழி திறந்தார்கள். 1924 தீர்மானத்துக்கும் அந்த நாளுக்கும் இடையில் 84 வருடங்கள். அங்கே சுவர் கட்டினார்கள். ஆறடி உயரத்துக்கு மண் நிரப்பி மேட்டில் போகும் பைபாஸ், கீழே கடந்துபோக வழி விடாவிட்டால், யாரும் கட்டச் சொல்லாத இன்னொரு சுவர்.

போக்குவரத்து நெரிசலாவது தீர்ந்ததா? சின்ன ஊர்களில் லாரியும் சுற்றுலா வண்டியும் குறைந்து மூச்சு விட முடிகிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். தேனியில் அப்படிச் சொல்ல முடியாது. நேரு சிலையில் முட்டிக்கொள்ளும் வண்டிகளில் பெரும்பகுதி ஊரைக் கடந்து போகிறவை இல்லை, ஊருக்குள் வருகிறவை. ஆட்சியர் அலுவலகத்துக்கு, பள்ளிக்கு, சந்தைக்கு, ஜவுளிக்கடைக்கு வரும் இருசக்கர வண்டிகள். பைபாஸ் இவற்றைத் தொடுவதில்லை. போதாததற்கு, பைபாஸ் ஓரத்தில் பிளாட் வாங்கி வீடு கட்டியவர், அங்கே நடந்து போகும் தூரத்தில் ஒரு பலசரக்குக் கடைகூட இல்லாததால், தினமும் நாலு தடவை வண்டியை எடுக்கிறார். ஜில் துராந்தோன், மேத்யூ டர்னர் என்ற இரு பொருளியலாளர்கள் 2011இல் அமெரிக்க நகரங்களை ஆராய்ந்து, நெடுஞ்சாலை எந்த அளவு நீள்கிறதோ ஏறக்குறைய அதே அளவு வண்டி ஓட்டமும் கூடிவிடுகிறது என்று காட்டினார்கள். நேரு சிலை அமெரிக்கா இல்லை. ஆனாலும் சாலை போட்டால் நெரிசல் தீரும் என்று மேடையில் சொல்கிறவர்கள் இதை ஒருமுறை படிக்கலாம்.

நெரிசல் குறைந்த இடத்தில் வேகம் கூடியது. எங்கள் பைபாஸ்கள் நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலைகள். எதிரெதிரே வேகமாக வரும் வண்டிகள், குறுக்கே களைக்கட்டோடு கடக்கும் பெண்கள், மாடு, சைக்கிள். 2022இல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகள் இரண்டு சதவீதம் அளவுதான். சாவில் அவற்றின் பங்கு 36 சதவீதம். இறந்தவர்களில் இருசக்கர வண்டியில் போனவர்களும் நடந்து போனவர்களும் சேர்ந்து ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. காரில் போகிறவருக்காகப் போட்ட வேகத்தில் நடக்கிறவர் சாகிறார். இந்தப் புள்ளிவிவரத்தில் சாதி கேட்பதில்லை. கேட்டிருந்தால் நமக்கு ஒரு விவரம் கிடைத்திருக்கும்.

இவ்வளவு சொல்லிவிட்டு, சாலையே வேண்டாம் என்கிறேனா? நிச்சயம் இல்லை. கிராமத்தைப் புனிதமாக்கி எழுதும் இலக்கியத்தோடு எனக்கு உறவு கிடையாது. அம்பேத்கர் கிராமத்தைப் பற்றி என்ன நினைத்தார் என்பது இங்கே எல்லோரும் அறிந்தது. சாலையும் பஸ்ஸும் வராமல் இருந்திருந்தால் நான் இன்றும் ஒருவர் களத்தில் கதிர் அடித்துக்கொண்டிருப்பேன். விடியற்காலை நாலரை மணிக்குக் கம்பத்திலும் தேவாரத்திலும் போடியிலும் ஜீப்புகள் நிற்கும். ஒரு ஜீப்பில் பத்துப் பேர் ஏற வேண்டிய இடத்தில் அதைவிடக் கூடுதலாகப் பெண்கள் நெருக்கிக்கொண்டு, நெடுங்கண்டம், பூப்பாறை, உடும்பஞ்சோலை என்று இடுக்கி மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போவார்கள். போடிமெட்டு வழியாகப் போனால் 17 கொண்டை ஊசி வளைவு. ஜீப் கவிழ்ந்து செத்தவர்கள் உண்டு. என் அம்மாவும் போனவர்தான். ஆபத்து தெரிந்தே போனார்கள், ஏனென்றால் மலையில் கூலி அதிகம்; முக்கியமாக, சாயங்காலம் வயல்காரர் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நின்று கூலி கேட்க வேண்டியதில்லை. அம்மா சொல்வார்: "மலைக்காரன் நம்மள தோட்டத்து ஆளுன்னுதான் பாப்பான். இங்க இருக்கறவன் பாட்டன் பேரச் சொல்லியில்ல கூப்புடுவான்." உள்ளூர்க் கூலி உயர்ந்ததில் அந்த ஜீப்புகளுக்குப் பங்கு உண்டு. மலைச்சாலை இருந்ததால், வயல்காரர் கேட்ட கூலியைக் கொடுக்க வேண்டி வந்தது.

இதை ஆய்வும் சொல்கிறது. சாம் ஆஷர், பால் நோவோசாத் இருவரும் பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தை ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள். சாலை வந்த கிராமங்களில் விவசாயமோ வருமானமோ சொத்தோ குறிப்பிடும்படி மாறவில்லை. மாறியது ஒன்று, ஆட்கள் விவசாயக் கூலியை விட்டு வெளியே வேலைக்குப் போனார்கள். பொருளியலாளர்கள் இதைச் சற்று ஏமாற்றத்தோடு எழுதியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் பக்கத்தில் இருந்து படித்தால் அது சிறிய விஷயமே இல்லை.

ஆக, நம்மை வெளியே கொண்டுபோகும் சாலை ஒன்று, நம்மை விட்டுவிட்டுப் போகும் சாலை ஒன்று. முதலாவதில் நின்று ஏறலாம். சிறு நகரத்துக்கே இந்த இரண்டாவது சாலையால் கேடு வரலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெருநகரங்களை இணைக்கச் சீனா போட்ட விரைவுச்சாலைகளை ஆராய்ந்த பெஞ்சமின் ஃபேபர், வழியில் தற்செயலாக இணைக்கப்பட்ட சிறிய பகுதிகள், சாலை போகாத பகுதிகளைவிடத் தொழில் வளர்ச்சியில் பின்தங்கியதை 2014இல் காட்டினார். பாதை எளிதானால் பெரிய ஊரின் சரக்கு சின்ன ஊருக்குள் வந்துவிடும். தீபாவளிக்குத் துணியெடுக்கத் தேனிக்காரர்கள் மதுரைக்குப் போவதைக் கண்ணால் பார்க்கிறோம். கடை முதலாளி தாங்குவார். அந்தக் கடையில் மூட்டை இறக்குகிறவர்?

ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை. 1928இல் வந்த மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை, அகலப்பாதை ஆக்குவதற்காக 2010 டிசம்பர் கடைசியில் நின்றது. தேனிக்கு மறுபடி ரயில் வந்தது 2022 மே மாதம்; போடிக்கு 2023 ஜூன். கிட்டத்தட்ட 12 வருடங்கள், 90 கிலோமீட்டர். ரயில் வந்த பிறகு கேட் அடைத்தால் ஊர் நின்றுவிடுகிறது என்ற புலம்பல்தான் தேனியில் அதிகம் கேட்கிறது. பன்னிரண்டு வருடம் மலிவுக் கட்டணம் இல்லாமல் மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போன நோயாளிகளின் புலம்பல் அந்த அளவுக்குக் கேட்டதில்லை. கூடையோடு ஏறலாம், நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கலாம். ஏழைக்கு ரயில்தான் நெடுஞ்சாலை.

என்ன கேட்க வேண்டும் என்று கேட்டால், நான் சொல்வது பெரிய விஷயங்கள் இல்லை. காலனிக்கும் வயலுக்கும் சுடுகாட்டுக்கும் நடுவில் சாலை வரும் இடத்தில் சுரங்கப்பாதை, மாட்டுவண்டியும் பாடையும் போகும் அளவுக்கு. ஒவ்வொரு விலக்கிலும் பஸ் நிற்க ஒதுக்கிடம், நிழற்குடை, விளக்கு. அந்த நிறுத்தத்தை ஒட்டி, சாலை நிலத்திலேயே, பழைய பஸ் ஸ்டாண்டில் கடை வைத்திருந்தவர்களுக்குப் பத்துப் பன்னிரண்டு கடைகள். நிலமெடுப்பில் கூலிக்காரரின் பெயரைச் சேர்க்க, வயல்காரரின் கடிதத்தைக் கேட்காமல், கிராமசபையில் மூன்று பேர் சாட்சி சொன்னால் போதும் என்ற ஏற்பாடு. இவற்றில் எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை.

ஆனால் கேட்க வேண்டிய நேரம் 21 நாட்கள்தான். போன தடவை 3ஏ அறிவிப்பு வந்த செய்தித்தாள் எங்கள் காலனி டீக்கடையில் பஜ்ஜி மடிக்கப் போய்விட்டது. இந்தச் சாலையை நான்குவழியாக்கும் பேச்சு திரும்பத் திரும்ப எழுகிறது. எங்கள் படிப்பகத்தில் இப்போது இரண்டு பிள்ளைகளை அமர்த்தியிருக்கிறோம். ஒரு பெண், ஒரு பையன். இருவரும் கல்லூரியில் படிக்கிறவர்கள். தினமும் பத்திரிகைகளின் விளம்பரப் பக்கத்தைப் படிப்பதும், காலனியைச் சுற்றியுள்ள சர்வே எண்களை ஒரு நோட்டில் எழுதி வைப்பதும் அவர்கள் வேலை. நோட்டு பாதி நிரம்பியிருக்கிறது. சுடுகாட்டுப் பாதைக்கு மட்டும் எந்த எண்ணும் கிடைக்கவில்லை. கிராமக் கணக்கில் அப்படி ஒரு பாதையே இல்லையாம். அடுத்த வாரம் அதற்கு மனு எழுதுகிறோம்.